பட்டர் ஃப்ரூட்டுக்கு வைத்த உப்பு

பழத்தைத் தின்றவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏலகிரிக்குப் போய் வந்த கம்பெனி தோஸ்த் ஒருவர் கொடுத்த பட்டர் ஃப்ரூட். சர்க்கரை தூவி, கரண்டியால் வழித்து, மனைவியின் எதிரில் உட்கார்ந்தே தின்றேன். அவளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஆம்பூரிலேயே வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். உப்பு கம்மி, தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், இந்தப் பழம் கூடவே கூடாது என்று டயட் சீட்டில் எழுதியிருந்தது.

"பழந்தான் ஆகாது. கொட்டைய வளக்கக் கூடாதுன்னு எழுதலையே" என்று சொல்லிக் கொட்டையைக் கழுவி எடுத்துக்கொண்டாள்.

அதன் இடுப்பில் நாலு டூத்பிக் குத்தி, அடிப்பாகம் மட்டும் நனைகிற மாதிரி கண்ணாடி டம்ளரில் நிறுத்தி ஜன்னலோரம் வைத்தாள். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. "அழுகிப் போச்சு, தூக்கிப் போடு" என்று இரண்டு தரம் சொன்னேன். எனக்குப் பொறுமை என்கிற சமாச்சாரம் கிடையாது. அதற்கப்புறம் கொட்டை நடுவில் பிளந்து வெள்ளை வேர் இறங்கியது. பிளவிலிருந்து செம்பு நிறத்தில் ஒரு குருத்து எழுந்தது. பழைய பெயின்ட் பக்கெட்டில் ஓட்டை போட்டு மண் நிரப்பிக் கொடுத்தேன்.

"இது காய்க்க எத்தினி வருஷம் ஆவும்?" என்று கேட்டாள்.

"கொட்டையில வந்தது. ஏழெட்டு வருஷம் ஆவுமாம்."

விரல் விட்டு எண்ணினாள். "அதுவரைக்கும் நான் இருக்கணும்" என்றாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

கூட்டியதற்குக் காரணம் இருந்தது. வேலூரில் டாக்டர் ஒருவர், "வேற ஒருத்தர் சிறுநீரகம் கெடச்சா வச்சிடலாம். சார், நீங்க ஒரு டெஸ்டுக்கு வாங்களேன்" என்று என்னைப் பார்த்துச் சொல்லி ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். சரி என்றேன். போகவில்லை. ஷிப்மென்ட் இருக்கிறது, லீவு கிடைக்கவில்லை, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். ஷூ கம்பெனி கட்டிங் செக்ஷனில் இருபது வருடம் கத்தியோடு குப்பை கொட்டியவனுக்குத் தன் வயிற்றில் கத்தி படுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

செடி முழங்கால் உயரம் வந்தபோது இலை நுனியெல்லாம் கருக ஆரம்பித்தது. எங்கள் தெரு போர் தண்ணீரில் பருப்பு வேகாது, அவ்வளவு உப்பு. குடிக்க, சமைக்க எல்லாம் கேன் தண்ணீர்தான், அதைத்தான் நாங்கள் நல்ல தண்ணி என்போம். அவள் தன் ஒரு லிட்டர் பாட்டிலிலிருந்து கடைசி ரெண்டு வாயை மிச்சம் பிடித்துச் செடிக்கு ஊற்றுவதை ஒரு நாள் பார்த்துவிட்டேன். "உனக்கே அளவு. இதுல செடிக்கு நல்ல தண்ணி கேக்குதா?" என்று கத்தினேன். அவள் பாட்டிலை மூடினாள்.

பிறகு காய்ச்சல் கண்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தாள். அவள் தங்கை கூட இருந்தாள். வீட்டில் நான் மட்டும். திரும்பி வரும்போது செடி தளதளவென்று நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். எங்கள் தெருவில் தென்னை வைத்திருக்கிற எல்லோரும், தோல் மண்டியில், அழுகாமலிருக்க உப்பு போட்டு வருகிற பச்சைத் தோலைத் தட்டும்போது உதிர்கிற உப்பை மூட்டையில் கொண்டுவந்து வேரில் கொட்டுவோம். தென்னை குலை குலையாய்க் காய்க்கும். தென்னைக்கு ஆனது இதற்கு ஆகாதா என்று இரண்டு கை அள்ளி வைத்துத் தண்ணீரும் ஊற்றினேன். போர் தண்ணீர்தான்.

நாலே நாளில் இலையெல்லாம் வறுத்த அப்பளமாகச் சுருண்டு தொங்கியது.

உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதுவரைக்கும் நான் இருக்கணும் என்று அவள் சொன்னதே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் லீவு போட்டேன். பஸ் பிடித்து, ஏலகிரி கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறி, நர்சரி நர்சரியாக அலைந்து, அதே உயரத்தில் ஒரு செடி வாங்கி வந்தேன். மண்ணை மாற்றி அதே பக்கெட்டில் நட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தியோடு தூங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் நேராகப் பக்கெட்டிடம்தான் போனாள். இலையைத் தொடவில்லை. தண்டின் அடியில் விரலால் தடவினாள். பிளந்த கொட்டை அங்கே இல்லை. கொஞ்சம் மேலே ஒரு முடிச்சு புடைத்திருந்தது.

"இது ஒட்டுச் செடி" என்றாள். "என்னுது இன்னா ஆச்சு?"

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். தோல் உப்பு, தென்னை, பஸ், நர்சரி. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முடிச்சின் மேலிருந்து விரலை எடுக்கவே இல்லை.

"ஒரு தப்ப மறைக்க லீவு போட்டு ஏலகிரி வரைக்கும் ஏறிட்டு வந்தீங்களே. எனக்காக வேலூருக்குப் போவ மட்டும் காலு வரலையா?"

"பயமா இருக்கும்மா" என்றேன். வேலூர் விஷயத்தில் ஆறு மாதத்தில் நான் அவளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"எனக்கும்தான்" என்றாள்.

போன திங்கட்கிழமை வேலூரில் டெஸ்டுக்கு என் ரத்தத்தை எடுத்துக்கொண்டார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஒட்டுச் செடிக்கு இப்போது கேன் தண்ணீர் ஊற்றுகிறேன், என் பங்கிலிருந்து.