மில்லிமீட்டரும் என் போன் நம்பரும்

என் தங்கையைக் கடையில் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது, அவசரத்துக்கு மில்லி. சுவரில் காலண்டர் மாட்டினால் "ஒரு மில்லிமீட்டர் இடது பக்கம்" என்பாள். அம்மா மேஜையில் தட்டு வைத்தால் இவள் கை தானாகப் போய் அதை நேராக்கும். விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், கடை போர்டு எல்லாம் அடித்துத் தரும் அச்சுக்கடை ஒன்றில் பன்னிரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நான் அவளுக்கு ஆறு வயது மூத்தவள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்தக் கோபத்தில் பாதிக்கு அந்தக் கடைதான் காரணம். கவுன்டர் கண்ணாடிக்கு அடியில் மாதிரிக் கார்டுகளை வரிசையாகப் பரப்பி வைத்திருப்பார்கள். ஏசி மெக்கானிக், கேக் கடை, போட்டோகிராபர் என்று எல்லாம் கற்பனைப் பெயர்கள். நம்பர் மட்டும் நிஜம். அது என்னுடைய நம்பர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மில்லி அதை மாதிரிக்குப் போட ஆரம்பித்தாள். கடைக்கு வருகிறவர்கள் கார்டைப் பார்த்து, சரி, ஒரு மெக்கானிக் கிடைத்தார் என்று என்னைக் கூப்பிடுவார்கள்.

"ஏசில தண்ணி ஒழுகுதுங்க."

"முட்டை போடாத கேக் கிடைக்குமா?"

எல்லாரையும் வாங்கு வாங்கென்று வாங்கி, அந்த நம்பரை பிளாக் செய்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவளையும் ஒரு பிடி பிடிப்பேன். "மாத்திடறேன்க்கா" என்பாள். மாற்ற மாட்டாள். சோம்பேறித்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். ஆஸ்பத்திரிகளுக்கும் ரயில் நிலையங்களுக்கும் வழிகாட்டும் பலகைகள் செய்கிற கம்பெனி, டிசைன் வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. பட்டம், சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம். உங்களுக்காக நீங்களே செய்த இணையதளத்தின் முகவரியை அதில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான்.

"உனக்குக் கடைல என்ன குறை? உங்க முதலாளி திட்டறதுகூட இல்லியே" என்றேன்.

"திட்டறதில்ல. பாக்கறதும் இல்லக்கா. பன்னெண்டு வருஷத்துல ஒருத்தர்கூட, இத ஏன் இங்க வச்சன்னு கேட்டதில்ல. பெருசா போடு, சிவப்பா போடு, அவ்வளவுதான். எனக்கு அந்த வேலை வேணும்க்கா."

அவள் எதையும் வேணும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. "சரி, செய்" என்றேன்.

ஆறு வாரம் எங்கள் சாப்பாட்டு மேஜை அவள் வசம் போனது. கடையிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறப்பாள். கவுன்டர் கண்ணாடியைப் பத்துக் கோணத்தில் போட்டோ எடுத்து வந்தாள். சின்ன நோட்டில் வாடிக்கையாளர்கள் பேசுவதை எழுதிக்கொண்டு வந்தாள். ஒருநாள் அம்மாவிடம், "நீ கடைக்கு வந்திருக்க, நோட்டீஸ் வேணும், எப்படிக் கேப்ப?" என்று விசாரணை நடந்தது. நான் பின்னால் போய் எட்டிப் பார்த்தால் பட்டென்று மூடிவிடுவாள்.

"என்னடி செய்யற?"

"முடியட்டும்க்கா."

அப்படி என்னதான் செய்கிறாள்? எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருந்தது. இணையதளம் என்றால் அவள் போட்டோ, செய்த வேலைகளின் போட்டோ, நாலு வரி சுயபுராணம். அதற்கு எதற்கு அம்மாவின் வாக்குமூலம்? அவள் குளிக்கப் போன நேரம் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். 'என் போட்டோவும் வரணும், ஆனா நான் குண்டா தெரியக்கூடாது' என்று ஒரு பக்கம். வேறு எதுவும் விளங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் உட்கார வைத்தாள். திரையில் அதே கடைக் கவுன்டர், கண்ணாடிக்கு அடியில் அதே மாதிரிக் கார்டுகள், மேலே ஒரு வெள்ளைக் கார்டு. பக்கத்தில் ஐந்தாறு பட்டன்கள். ஒவ்வொன்றிலும் கடைக்கு வருகிறவர்கள் சொல்கிற ஒரு வசனம்.

"நீதான் கஸ்டமர். அமுக்கு" என்றாள்.

'எழுத்து இன்னும் பெருசா' என்பதை அமுக்கினேன். பெயர் ஊதிப் பெருத்துக் கார்டின் விளிம்பை முட்டியது. அய்யோ கெட்டது என்று நினைக்கும்போதே அது இரண்டு வரியாகப் பிரிந்தது. முகவரி ஓரமாக நகர்ந்து ஒடுங்கி நின்றது. பார்த்தால் முன்பைவிட லட்சணமாக இருந்தது. 'காலியா இருக்கே, ஏதாவது போடுங்க' என்றதும் ஒரு மெல்லிய கோடு வந்தது. காலி இடம் காலியாகவே இருந்தது, ஆனால் வேண்டுமென்றே விட்டது போலத் தெரிந்தது. நான் என்ன வம்பு பண்ணினாலும் கார்டு கலங்கியது, ஒரு நொடி தடுமாறியது, பிறகு சரியாக வந்து நின்றது. பன்னிரண்டு வருடம் அவள் தினமும் செய்துகொண்டிருந்தது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்குள் அம்மா லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். 'ஒரு பூ வைங்க' பட்டனை விடவே இல்லை. ஏழாவது தடவை அமுக்கியபோது, 'பூ ஸ்டாக் தீர்ந்துவிட்டது' என்று திரையில் வந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் கடைசிப் பக்கம்வரை யாரும் போகவில்லை.

"சூப்பர்டி" என்றேன். என் மரமண்டைக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

முகவரியை அன்றே அனுப்பிவிட்டாள். தேர்வானவர்களை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் போனில் கூப்பிடுவார்கள் என்று விளம்பரத்தில் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் போன் கையைவிட்டு இறங்கவில்லை. பாத்ரூமுக்குப் போனால் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போவாள். வியாழன்வரை ஒரு சத்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை என் பக்கத்தில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு பேங்க் மேனேஜர். ஊருக்கே கடன் கொடுப்பவர், ரவுண்டானாவைப் பார்த்தால் மட்டும் வேர்த்துவிடும். சரியாக அங்கே போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"கார்டு விஷயமா கூப்பிட்டோம்" என்றது ஒரு ஆண் குரல்.

"கார்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ராங் நம்பர்! சார், பிரேக்! பிரேக்க மிதிங்க!"

பிளாக். பத்து நிமிடத்தில் இன்னொரு நம்பர். ஒரு பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. "எழுத்தக் கொஞ்சம் பெருசா போட முடியுமாங்க?"

"கண் டாக்டரப் பாருங்க. தானா பெருசா தெரியும்." பிளாக்.

மூன்றாவதாக ஒரு இளசு. "ஒரு பூ வைக்கணும்..."

"என் காதுல ஏற்கெனவே வச்சாச்சு, போதும். போன வைங்க!" அதுவும் பிளாக். மேனேஜர் வண்டியை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தார். ஓரமாக நிறுத்துவதை அன்றுதான் அவர் ஒழுங்காகச் செய்தார்.

சாயங்காலம் மில்லி வந்தாள். செருப்பைக் கழற்றி நேராக வைக்காமல் அப்படியே விட்டபோதே தெரிந்துவிட்டது.

"வரலக்கா" என்றாள்.

அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று காலையில் வந்த மூன்று கிறுக்குப் போன்களைக் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் போனுக்கு லேசாகச் சிரித்தாள். இரண்டாவதுக்கு முகம் மாறியது. "மூணாவது ஆள் என்ன கேட்டாங்க?" என்றாள்.

"பூ வைக்கணுமாம்."

ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். அந்தக் கடைசிப் பக்கம். 'இன்னும் ஏதாவது மாத்தணுமா? கூப்பிடுங்க' என்று ஒரு கார்டு. கார்டில் அவள் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில், அழகாக, தெளிவாக, என் நம்பர்.

"கை தானா போட்டுடுச்சுக்கா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பன்னெண்டு வருஷப் பழக்கம். என் கண்ணுக்கு அது நம்பராவே தெரியல."

ஊரில் எவனெவனுக்கோ போகிற திட்டு, இவளுக்காக வந்த போனிலா போய் விழ வேண்டும்? என் வாயில் நானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. போனை எடுத்து பிளாக் பட்டியலைப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் நம்பர்கள். மேலே இருந்த மூன்றும் இன்றையவை. ஒன்றை விடுவித்துக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். காலையில் பேசிய பெண்ணே எடுத்தாள்.

"காலைல உங்ககிட்ட கத்தினது நான்தாங்க. மன்னிச்சுடுங்க" என்றேன்.

"மூணு பேர்கிட்டயும் கத்தினீங்க" என்று அவள் சிரித்தாள். "கஸ்டமர் ஓவரா போனா கடைக்காரங்க திட்டற மாதிரி, வெப்சைட்டோட கடைசிப் பகுதியே அதுதான்னு நெனச்சோம். ஆபீஸே சுத்தி நின்னு கேட்டுச்சு. அருமையான ஐடியா. செஞ்சது நீங்களா?"

அப்பாடா, தப்பித்தோம் என்று எனக்கு உயிர் வந்தது. ஆமா, ஐடியாதான்னு சொல்லு என்று மில்லிக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் போனை வாங்கினாள்.

"செஞ்சது நான்தாங்க. ஆனா அது ஐடியா இல்ல, தப்பு. மாதிரிக்குப் போடற நம்பர மாத்தாம விட்டுட்டேன். அது எங்க அக்கா நம்பர்."

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரி போர்டுல இப்படி ஒரு நம்பர் மாறிப்போனா என்ன ஆகும்?" என்றாள் அந்தப் பெண். இப்போது சிரிப்பு இல்லை.

"தெரியுங்க. இனிமே என் வேலைய இன்னொருத்தர் பாக்காம வெளிய விடமாட்டேன்."

"ம்" என்றாள் அவள். "ஒண்ணு கேக்கணும். உங்க சைட்ல இருக்கற எல்லாக் கார்டுலயும் அதே நம்பர். ஏன்?"

மில்லி நிமிர்ந்தாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தவள் அல்லவா!

"அதுல எல்லாக் கஷ்டமும் இருக்குங்க" என்றாள். "முதல்ல ஏழு, பக்கத்துல ஒண்ணு. நடுவுல ஓட்ட விழுந்த மாதிரி தெரியும். அப்புறம் ரெண்டு எட்டு, குண்டா இடிச்சுக்கிட்டு நிக்கும். கடைசில நாலும் சைபரும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே ஒட்டாது. அந்த நம்பர் ஒழுங்கா உக்காந்துடுச்சுன்னா, யார் நம்பர் வந்தாலும் உக்காந்துடும். அதவிட நல்ல நம்பர் எனக்கு இதுவரைக்கும் கிடைக்கல."

"அப்ப மாதிரிக்கு எந்தப் பேரப் போடுவீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். மில்லி சொன்னாள். அவள் இன்னொரு ஏன் கேட்டாள். இருபது நிமிடம் ஓடியது. அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, யாரோ சொந்தக்காரர்கள் போல என்று போய்விட்டாள். கடைசியில், "திங்கக்கிழமை பத்து மணிக்கு வாங்க. நம்பர மாத்திட்டு வாங்க" என்றது போன்.

வைத்த பிறகு அவள் அழுதாள், சிரித்தாள், போய் செருப்பை நேராக வைத்தாள். எனக்குத்தான் வேறொன்று உறுத்தியது.

"இத ஏன்டி என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கவே இல்லியேக்கா" என்றாள். "திட்டத்தானே செஞ்ச."

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. முதலாளி கேட்கவில்லை, வாடிக்கையாளர் கேட்கவில்லை என்றால் சரி; ஒரே வீட்டில் இருந்த நானும் அந்த வரிசையில்தான் நின்றிருக்கிறேன்.

இப்போது மில்லி அந்தக் கம்பெனியில் நாலாவது மாதம். அவள் வேலையை இன்னொருவர் சரிபார்க்காமல் எதுவும் வெளியே போவதில்லை. பழைய கடையின் கண்ணாடிக்கு அடியில் என் நம்பர் அப்படியேதான் இருக்கிறது. நேற்று மேனேஜருக்குக் கடைசி வகுப்பு. ரவுண்டானாவில் போன் அடித்தது.

"ஏசி சரியா குளிர மாட்டேங்குதுங்க. கார்டுல பாத்தேன்" என்றார் ஒரு பெரியவர்.

வழக்கமான வசனம் தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"நாங்க ஏசி பாக்கறதில்லீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கார்டுல நம்பர் தெளிவா இருந்துச்சா?"

"கண்ணாடி போடாமயே படிச்சேம்மா" என்றார்.

"அது என் தங்கச்சி செஞ்சது" என்றேன்.