பசை காயவில்லை என்றார்

என் சின்ன மகளின் வலது கையில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்து மூன்று வாரம் ஆகிறது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாக டாக்டர் சொல்லிவிட்டார். நான்தான், மாடி வீட்டில் யாராவது நாற்காலியை இழுத்தால்கூட ஓடிப்போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன். நடந்ததை நடந்த வரிசையில் ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். ஏதாவது தவறிப்போனால் தொழிற்சாலையில் அப்படித்தான் செய்வோம்.

நான் வேலை பார்ப்பது ஒரகடத்தில், கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் செய்யும் ஒரு தொழிற்சாலையில். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டுத் தரப் பிரிவில் சேர்ந்தேன். இப்போது நாற்பத்தாறு வயது. வெல்டிங் முடிந்த சட்டங்களில் தினமும் ஒன்றை எடுத்து, இழுக்கும் மெஷினில் மாட்டி, அது எந்த இடத்தில் கிழிகிறது என்று பார்ப்பது எங்கள் வேலைகளில் ஒன்று. அடுத்த மேஜையில் இருப்பவர் உள்ளூர்க்காரர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பதினாறு வருடமாக ஒரே பிரிவு, ஒரே கேன்டீன் மேஜை. என் மகள்களுக்கு அவர் மாமா.

அவரிடம் எல்லோருக்கும் பிடித்த பிடிவாதம் ஒன்று உண்டு. ஒரு லைனில் குறை கண்டுபிடித்தால், அதே மாதிரி வேலை நடக்கும் மற்ற எல்லா லைனுக்கும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் இடத்தில் இதற்கு ‘ஹரிசாண்டல் டெப்ளாய்மென்ட்’, சுருக்கமாக ‘ஹெச்.டி.’ என்று பெயர். காலைக் கூட்டத்தில் யார் எந்தக் குறையைச் சொன்னாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ஹெச்.டி. பண்ணியாச்சா?” என்பதுதான். புதிதாகச் சேர்ந்த பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் அவரையே ஹெச்.டி. என்று கூப்பிடுவார்கள். அது தெரிந்தும் அவர் கோபப்பட்டதில்லை.

மரவேலைப் பைத்தியம் அவரிடமிருந்துதான் எனக்குத் தொற்றியது. வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும் பைன் மரப் பெட்டிகளை உடைத்து, பலகையாக வாலாஜாபாத் சாலையில் குவித்து விற்பார்கள். அவர் அதில் செருப்பு அலமாரி செய்தார், டிவி ஸ்டாண்டு செய்தார். நானும் குன்றத்தூரில் எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ரம்பத்தோடு உட்கார ஆரம்பித்தேன். வீடு இரண்டு அறைதான். பெரியவள் அடுத்த வருடம் பிளஸ் டூ. அவளுக்கு ஒரு மேஜை போட இடம் வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டடுக்குக் கட்டில் செய்துவிட்டால் மேஜைக்கு இடம் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

கட்டில் என்று வந்ததும், பலகைகளை எதைக் கொண்டு இணைப்பது என்ற கேள்வி வந்தது. அதற்கென்றே மின்சார மெஷின்கள் இருக்கின்றன. ஒரு வகை, இரண்டு கட்டைகளிலும் நேருக்கு நேர் துளை போடும். அந்தத் துளைகளில் உருண்டையான மரக்குச்சியைப் பசையோடு இறக்க வேண்டும். இன்னொன்று பிஸ்கட் ஜாயினர். அதில் சின்ன வட்ட ரம்பம் ஒன்று மரத்துக்குள் பாய்ந்து பிறை வடிவத்தில் பள்ளம் எடுக்கும். பிஸ்கட் மாதிரியே இருக்கும் மெல்லிய மரச்சில்லு ஒன்றைப் பள்ளத்தில் செருகினால், பசையில் ஊறி உப்பிப் பிடித்துக்கொள்ளும். மேஜைப் பலகைகளை மட்டம் தவறாமல் சேர்ப்பதற்கு அருமையான மெஷின். ஆள் ஏறிப் படுக்கும் கட்டிலுக்குத் தாங்குமா என்பதுதான் என் சந்தேகம்.

இரண்டு மாதம் இதே பேச்சு. சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் வீடியோ பார்ப்போம். ஒருவர் தாங்கும் என்பார், அடுத்தவர் கூடவே கூடாது என்பார். எனக்கு எதையும் இரண்டு முறை பார்த்தால்தான் நிம்மதி. துளை போடும் மெஷினையே வாங்கிவிடுவது என்று கடைசியில் முடிவு செய்திருந்தேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் அண்ணா சொன்னார்:

“எதுக்கு மா வீணா இன்னொண்ணு? என்னுது சும்மாதான் கீது, எடுத்துக்கோ. என் பையன் கட்டிலுக்கே பிஸ்கட்டுதான் போட்டேன்.”

திருப்பிக் கேட்டால் தரமாட்டேன் என்றேன். ஸ்டோரில் எடுத்த வெர்னியர் அளவுகோலையே ரெண்டு வருசமா தராதவளிடம் கேட்க நான் என்ன பைத்தியமா என்று சிரித்தார். மறுநாள் மெஷினைத் துணிப்பையில் போட்டு பைக்கில் கொண்டுவந்து கொடுத்தார்.

கட்டிலை அளவோடு வரைந்து அவரிடம் காட்டினேன். தொழிற்சாலைப் படங்களில் இருப்பதுபோலவே மூலையில் கட்டம் கட்டி, வரைந்தவர், சரிபார்த்தவர் என்று எழுதியிருந்தேன். விளையாட்டுக்குத்தான். மேல் தட்டின் உயரம், பக்கச் சட்டத்தின் கனம், ஒவ்வொரு இணைப்பிலும் எத்தனை பிஸ்கட் என்பதெல்லாம் அதில் இருந்தது. மேல் தட்டில் சின்னவள் பெயரையும் எழுதியிருந்தேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, என் பேனாவை வாங்கி, சரிபார்த்தவர் கட்டத்தில் தன் நிஜக் கையெழுத்தையே போட்டார். எனக்கிருந்த சந்தேகம் அன்றோடு போய்விட்டது.

கட்டில் நான்கு மாதம் நின்றது. ஒரு சனிக்கிழமை மதியம் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு முடித்த சின்னவள் கதைப் புத்தகத்தோடு மேலே ஏறினாள். ஏணி கிறீச்சிட்டது கேட்டது. அடுத்து, பலகை முறிவதுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தபோது, தலைமாட்டில் பக்கச் சட்டம் கட்டில் காலை விட்டுக் கழன்று தொங்கியது. அவள் தரையில் பலகைகளுக்கு நடுவே கிடந்தாள். அழவில்லை. “அம்மா, கை வேற மாதிரி இருக்கு” என்றாள். மணிக்கட்டுக்கு மேலே வளைந்திருந்தது.

கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட். அவருக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அண்ணாதான். தலையில் அடியில்லை என்று ஸ்கேன் பார்த்துச் சொல்லும்வரை என் பக்கத்திலேயே நின்றார். மாலையில் எங்களை வீட்டில் விட வந்தவர், கழன்ற சட்டத்தைக் கையில் எடுத்தார். நீ இதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அழுவாய், நான் கொண்டுபோய் என்னவென்று பார்க்கிறேன் என்றார். எவ்வளவு நல்ல மனது என்று நினைத்தேன். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தணிந்த குரலில் சொன்னார்:

“பசை காயல மா. கிளாம்ப அவசரப்பட்டுக் கழட்டிட்டே போல.”

அது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏனென்றால் நான் அவசரப்பட்டது உண்மை. ஒட்டிய அன்று மாலை ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது. இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளை நேரத்துக்கு முன்பே கழற்றிவிட்டதாக அவரிடம் நானே ஒருமுறை சொல்லியிருந்தேன். கணவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சின்னவளிடம் நானே சொன்னேன்: அம்மா அவசரப்பட்டுட்டேன், அம்மா மேலதான் தப்பு. அவள் கட்டுப்போட்ட கையை என் மடியில் வைத்துக்கொண்டு, பரவாயில்லை என்றாள். ஆனால் யார் வந்து கேட்டாலும், “எங்கம்மா அவசரத்துல பண்ணிட்டாங்க, பாவம்” என்று சொன்னாள். அவள் அந்தப் ‘பாவம்’ சொல்லும்போதெல்லாம் நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அவள் என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளைத் தள்ளிவிட்டது என் கை என்று அவள் நம்பி, அதை மன்னித்தும்விட்டாள் என்பதுதான் தூங்கவிடவில்லை.

மூன்றாவது வாரம் அண்ணாவின் மனைவி ஆப்பிள் வாங்கிக்கொண்டு தனியாகப் பார்க்க வந்தார். கபடம் தெரியாத மனுஷி. சின்னவளின் தலையைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இன்னா மா பண்றது. எங்க வூட்லயும் இதே கதைதானே. தீபாவளிக்கு முன்னாடி பையன் கட்டில்ல வந்து உக்காந்தான், படக்குனு சட்டம் தனியா வந்துடுச்சு. தாழ்வா இருந்ததால பொழச்சான். அப்பறம்தான் இவரு நட்டு போல்ட்டு வாங்கியாந்து முடுக்கினாரு.”

எந்தத் தீபாவளி என்று கேட்டேன். போன தீபாவளிதான் என்றார். என் முகத்தைப் பார்த்து, “உங்கிட்ட சொல்லலயா மா அவரு?” என்றார்.

சொன்னாரே, நான்தான் மறந்துவிட்டேன் என்று சொல்லி, காபி போடப் போனேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் போன பிறகு கட்டில் அருகே போனேன். சட்டத்தை அண்ணா எடுத்துப் போயிருந்தார். கால் அங்கேயேதான் நின்றது. மூன்று வாரமாக நான் அதன் பக்கம் திரும்பக்கூட இல்லை. செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். பள்ளத்துக்குள் பிஸ்கட்டுகளின் பாதி அப்படியே உட்கார்ந்திருந்தது. நகத்தால் நெம்பினேன், அசையவில்லை. திருப்புளியால் குத்தினேன், அசையவில்லை. பசை கல்லாகக் காய்ந்திருந்தது. பிஸ்கட்தான் நடுவில் நார்நாராகக் கிழிந்திருந்தது. கிழிந்த பாகத்தைப் படிப்பதுதான் என் தொழில். ஒட்டு விட்டிருந்தால் ஒட்டியவர் மேல் தப்பு. ஒட்டு நின்று பொருள் கிழிந்தால், அந்த எடைக்கு அந்தப் பொருளை வைத்திருக்கவே கூடாது. கழன்ற சட்டத்தின் பள்ளத்திலும் இதன் மறுபாதி இருந்திருக்கும். என்னைப் போலவே கிழிந்ததைப் படிக்கத் தெரிந்தவர்தான் அதை எடுத்துப் போனார்.

மறுநாள் கேன்டீனுக்குப் பின்னால், பைக் நிறுத்தும் இடத்தில் அவரைப் பிடித்தேன். உங்கள் வீட்டுக் கட்டிலும் கழன்றதாமே என்றேன். அவர் முதலில் கேட்டது இதைத்தான்:

“யாரு சொன்னது? வூட்ல சொன்னாளா?”

பசை காயவில்லை என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். அந்த நேரத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை என்றார்.

“அதுக்கு முன்னாடி? மெஷினக் குடுக்கும்போது? ஏன் அண்ணா எனக்கு ஹெச்.டி. பண்ணல?”

கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே பேசினார். பிரிவில் இருக்கும் அத்தனை பேரிடமும் பிஸ்கட்டே போதும் என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். தன் கட்டிலே கழன்றது என்று எப்படி வெளியே சொல்வது என்று விட்டுவிட்டாராம். என்னுடைய சட்டம் இன்னும் கனம், பிஸ்கட்டும் கூடுதல், தாங்கும் என்றுதான் நினைத்தாராம். வேண்டுமென்று செய்யவில்லை என்றார். வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்து, நடந்ததை என் மகளிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார்.

அந்த ஞாயிறு அவருக்கு ஓ.டி. அடுத்த ஞாயிறு சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அதற்கடுத்த வாரம் சின்னவளின் கட்டைப் பிரித்துவிட்டார்கள். அந்த ஞாயிறு மாலை மனைவியோடு வந்தார், கையில் ஸ்வீட் பெட்டி. ஹெல்மெட்டை டிவி அலமாரியின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். மழையைப் பற்றி, பெரியவளின் பரீட்சையைப் பற்றி, சுங்குவார்சத்திரத்தில் டிராபிக் நின்றதைப் பற்றியெல்லாம் பேசினார். சின்னவள் மெலிந்த கையை மடக்கி நீட்டிக் காட்டினாள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கும் தெரிந்தது. ஒருமுறை தொண்டையைச் செருமினார்.

“அம்மா மேல தப்பு இல்ல கண்ணு. அந்த மெஷின் சரியில்ல.”

சின்னவள் சட்டென்று என்னைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அண்ணாவும் என்னைக் கெஞ்சுவதுபோலப் பார்த்தார். ஆனால் இன்னொரு பொய்யை அவள் ‘பாவம்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய விட எனக்கு மனமில்லை.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு” என்றேன். “மாமா வீட்டுக் கட்டிலும் இதே மாதிரி கழண்டுச்சு. நாம கட்டில் பண்றதுக்கு முன்னாடியே. மாமாவுக்குத் தெரியும். நம்மகிட்ட சொல்லல.”

அவர் மனைவி பாதி குடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். சின்னவளும் அவரைத்தான் பார்த்தாள், அவர் இல்லை என்று சொல்வார் என எதிர்பார்ப்பதுபோல. அவர் எழுந்து சட்டைப் பையில் சாவியைத் தேடினார். பிறகு ஹெல்மெட்டுக்காக அறையைச் சுற்றிப் பார்த்தார், எதிரிலேயே இருந்தது அவர் கண்ணில் படவில்லை.

சின்னவள்தான் போய் எடுத்தாள். வலது கையால் நீட்டினாள்; கனம் தாங்காமல் கை தாழ்ந்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி நீட்டினாள். பெரியவர்களுக்கு இடது கையால் கொடுக்கக் கூடாது என்று அவளைப் பழக்கியவள் நான். “சாரி மாமா” என்றாள்.

அவர் வாங்கிக்கொண்டார்.