மணிச் சட்டத்து வெடிப்பு

ஹந்தானைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடிப்பது என் வேலை; தச்சன் என்பதால் எல்லோருக்கும் நான் 'பாஸ்'. பெட்டிக்கு மெல்லிய பலகை போதும். எடை தாங்குகிற மரத்தோடு எனக்கு அதிகப் பழக்கமில்லை. இதைப் பாதிரியார் ஐயாவிடம் அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். முப்பதுகளின் தொடக்கம் அது. லயத்து வீடுகளுக்கு மேலே எங்கள் சிறிய வேதக் கோவில் எழும்பிக்கொண்டிருந்தது. அவரவர் கைவேலையே காணிக்கை என்று ஏற்பாடு. ஒருவர் சுவர் எழுப்பினார், ஒருத்தி பீடத் துணி தைத்தாள். நாலு பேர் சேர்ந்து தூக்குகிற மணியை வாசலில் தொங்கவிட ஒரு குறுக்கு மரச் சட்டம் என் பங்குக்கு வந்தது.

பலா மரம் சரியாகக் காயவில்லை. இழைத்து முடித்த மறுநாள் பார்த்தால், நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. வேறு மரம் தேட நாளில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வெட்கம்தான். பெட்டியில் செய்வதையே செய்தேன்: மரத்தூளை வச்சிரப் பசையில் குழைத்து அடைத்து, தேய்த்து மெருகேற்றினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பாதிரியார் ஐயா சட்டத்தைத் தடவிப் பார்த்து, "பாஸ், இது ஆண்டவர் உங்கட கைக்குத் தந்த தாலந்து" என்றார். தலையைக் குனிந்தேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

மணி அடிப்பவர் என் மனைவியின் அண்ணன். சட்டத்துக்கு நேர் கீழே நின்றுதான் கயிற்றை இழுக்க வேண்டும். முதல் ஞாயிறு அவர் இழுக்கத் தொடங்கியதும் நான் உள்ளே போனேன். முன் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, "ஆண்டவரே, அந்த மரத்தைப் பிடித்துக்கொள்ளும்" என்று ஜெபித்தேன். தச்சன் செய்யாத வேலையைக் கடவுள் தலையில் கட்டினேன். ஆராதனை முடிவில் இன்னொரு முறை அடிப்பாரே என்ற பயத்தில் பிரசங்கம் காதில் விழவில்லை. இரண்டாம் ஞாயிறும் அப்படியே. வீட்டில் சோறு இறங்கவில்லை. காய்ச்சலோ என்று மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உன் அண்ணன் தலைக்கு மேல் என் பொய் தொங்குகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அந்த வாரம் பின்னேரம் தவறாமல் மழை. மூன்றாம் ஞாயிறு மணி அடித்துவிட்டு வந்த மச்சானின் கறுப்புக் கோட்டுத் தோளில் மஞ்சள் நிறத் தூள் கிடந்தது. ஏதோ பூந்தூள் என்று தட்டிவிட்டார். கொஞ்சம் தொட்டு நசுக்கிப் பார்த்தேன்; விரலில் பிசுபிசுத்தது. மழையில் பசை ஊறி உதிர்ந்த, நான் அடைத்த தூள்தான். அப்போதும் வாய் திறக்கவில்லை. வேதக் கதையில், எசமான் கொடுத்த தாலந்தை மண்ணில் புதைத்த வேலைக்காரனும் பயந்துதான் புதைத்தான். நான் அவனைவிடக் கேடுகெட்டவன்.

அடுத்தது உயிர்த்த ஞாயிறு. அன்று மணியை நெடுநேரம் அடிப்பது வழக்கம். விடிந்ததும் ஓடிப்போய், மச்சானுக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். விழுந்தால் என் மேல் விழட்டும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. அவ்வளவுதான் என் திட்டம்.

"விடுங்க மச்சான், ஒங்களுக்கு என்னாச்சு? இது என் வேல" என்று அவர் கயிற்றைப் பிடுங்கினார். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த இழுப்பில் மேலே சட்டம் முனகியது.

"கீழ நிக்காதீங்க! வெடிச்ச மரம்! நாந்தான் தூளப் போட்டு அடைச்சேன்!" என்று கத்தினேன்.

ஏணி வைத்து மணியை இறக்கினார்கள். பிறகு சட்டத்தையும் இறக்கி என் முன்னால் போட்டார்கள். வெடிப்பில் உளியை வைத்தேன். தட்டாமலே மறுபக்கம் வந்தது. மச்சான் குனிந்து உளி முனையைத் தொட்டுப் பார்த்தார்.

"மூணு ஞாயிறு என்னய இதுக்குக் கீழ நிக்க வச்சிட்டு, நீங்க முன் வாங்குல ஒக்காந்து ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தீங்களா?"

உங்களுக்காகத்தான் ஜெபித்தேன் என்ற பதில் தொண்டை வரை வந்தது. அது உண்மைதான்; ஆபத்து தெரிந்துதானே ஜெபித்தேன். அதனால்தான் அதைச் சொல்ல முடியவில்லை.