பொட்டலத்தில் கொடுத்த ஐ.சி.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கறுப்புக் கம்ப்யூட்டரை ரொம்ப நாள் கழித்து ஓடவிட்டேன். சூடேறியதும் உள்ளேயிருந்த தூசி கருகும் வாசனை வந்தது. உங்களுக்கு அது என்ன வாசனையோ, எனக்கு அது டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் இருந்த பாய் கடையின் வாசனை.

என்னிடம் இப்படிப் பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஏழு இருக்கின்றன. மானிட்டர் கிடையாது, டிவியில் செருக வேண்டும். டிஸ்க்கும் கிடையாது, பாட்டுக் கேசட்டில்தான் புரோகிராமைப் பதிய வேண்டும். பார்க்க வருகிறவர்கள், "இது எங்க சார் கெடச்சுது?" என்று இந்தக் கறுப்பைத்தான் கேட்பார்கள். "ஒரு அக்கா குடுத்தாங்க" என்பேன். வாக்கியத்தில் பிழை ஒன்றுமில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எனக்கு இருபத்து மூன்று வயது. டிவி, வீடியோ டெக், கம்ப்யூட்டர் எல்லாம் ரிப்பேர் பார்க்கும் பாய் கடையில் மெக்கானிக். போர்டில் பூரான் மாதிரி கால் வைத்து உட்கார்ந்திருக்கும் ஐ.சி. சில்லை மதுரையிலேயே மாற்றத் தெரிந்த ஆள் நான்தான் என்ற நினைப்பு. சட்டைப்பையில் எந்நேரமும் டெஸ்டர் வேறு. பாய் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கழற்றிய பார்ட் எதுவானாலும் பேப்பரில் மடித்துக் கஸ்டமர் கையில் கொடுத்துவிட வேண்டும். "அவுக பொருளு மாப்ள. கெட்டுப்போனாலும் அவுகளுதுதான்" என்பார். அந்தப் பொட்டலத்துக்காகவே அவர் கடையை நம்பி வருவார்கள்.

காமராசர் சாலைப் பக்கமிருந்து சுசீலா அக்கா இந்தக் கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் சுங்குடிச் சேலைக்குப் புள்ளி கட்டுகிற வேலை. அக்கா தானே புரோகிராம் எழுதி, டிசைனை டிவியில் வரவழைத்து, அதைப் பார்த்துக் கட்டத் தாளில் வரைந்துகொள்வாராம். "கீயை அமுக்குனா ஒண்ணும் வர மாட்டேங்குது தம்பி. இது இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு" என்றார். சோதித்துப் பார்க்கக் கேசட்டையும் வைத்துவிட்டுப் போனார்.

திறந்தேன். கீபோர்டிலிருந்து போர்டுக்கு வரும் பட்டை ஒயர் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. விரிசல் விட்ட நுனியை வெட்டிவிட்டு மறுபடி செருகினேன், ஓடியது. பத்து நிமிட வேலை. கேசட்டைப் போட்டால் கிரீச்சென்று கத்திவிட்டு, திரையில் ஒவ்வொரு புள்ளியாக வந்து உட்கார்ந்தது. நடுவில் ஒன்று, சுற்றி எட்டு, அப்புறம் நான் எதிர்பாராத மூலைகளில். கடைசியில் பார்த்தால் மயில். அந்த மெஷின் எனக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது.

மறுநாள் அக்காவிடம், "ஐ.சி. போயிருச்சுக்கா. இந்த நம்பரு இப்ப வாரதில்ல" என்றேன். பாயின் வழக்கப்படி பொட்டலமும் கொடுத்தேன். உள்ளே இருந்தது வேறெதிலிருந்தோ கழற்றிய செத்த ஐ.சி. அக்கா கேசட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப மெஷின நீங்களே பார்ட்ஸுக்கு வச்சுக்கங்க தம்பி" என்றார். பாய் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா வேர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் அதே பொட்டலம், கூட ஒரு சின்னப் பெட்டி. மெட்ராஸ் போன அண்ணனிடம் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பி, கடை கடையாகக் காட்டி, அதே நம்பரில் புது ஐ.சி. வாங்கிவிட்டார். "கெடச்சிருச்சு தம்பி. மாட்டிக் குடுங்க, நான் இங்கனயே உக்காந்திருக்கேன்."

யோசித்துப் பாருங்கள். மெஷின் என் வீட்டுக் கட்டிலடியில் நல்லபடியாக இருந்தது. புது ஐ.சி.யை மாட்டியதாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் என் பொய்யும் தெரிந்திருக்காது, அவர் வேலையும் நடந்திருக்கும். ஆனால் நான் சொன்னது, "போர்டை ஒடைச்சுப் போட்டாச்சேக்கா."

"நாந்தான வச்சுக்கங்கன்னேன்" என்று அக்கா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். புது ஐ.சி.யை மேசையில் வைத்து, "யாருக்காவது ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

பாய் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். அக்கா வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. இருபது வருடம் தாமதமாகப் போய் விசாரித்தேன். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஓட்டுவதற்கு மெஷின் இல்லாத கேசட்டை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, திரையின் நடுவில் ஒரு புள்ளி வைக்கும்படி டைப் செய்தேன். வைத்தது. சுற்றி எட்டு. அவையும் வந்தன. அடுத்தது எந்த மூலையில் என்று எனக்குத் தெரியவில்லை.