மிஷினைக் கெடுத்தவர்

என் தப்பை ஒரு வெல்டர் மேல் போட்டு, அவர் வேலையைப் பறித்தவன் நான்.

திருத்தணிக்கு வெளியே தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறை ஒன்றில், தானியங்கி வெல்டிங் இயந்திரத்தை நிறுவிய எஞ்சினியர் நான்தான். தீப்பொறியின் மின்னழுத்தத்தை அளந்து, அதற்கேற்ப முனையைத் தானே ஏற்றி இறக்கும் இயந்திரம் அது. அது பதறித் துள்ளும்படி நான் தவறாகச் செட் செய்திருந்தேன். தொட்டிகள் ஒழுகின. “யாரோ கை வைத்திருக்கிறார்கள்” என்று முதலாளியிடம் சொன்னேன். இயந்திரத்தை வாய்விட்டுத் திட்டியவர் அந்த வெல்டர் ஒருவர்தான். அன்றே அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஒல்லியான மனிதர். பேச்சு பிடிக்காவிட்டால் தலையை ஒரு வெட்டு வெட்டுவார். நெற்றியில் ஏற்றி வைத்த முகமூடி விழுந்து முகத்தை மூடிக்கொள்ளும்.

போன மாதம் அரக்கோணம் சாலையில் அவரைத் தேடிப் போனேன். ஒரு கடையில் இரும்பு கேட் செய்துகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னேன்.

“இத்தினி வருசம் எங்க போன சார்? என்கிட்ட சொல்லி இன்னா? அங்க போய் சொல்லு.”

பழைய பட்டறைக்குப் போய், எல்லோரும் டீ குடிக்கும்போது சொன்னேன். முதலாளி என் தோளைத் தொட்டார். “இந்த வயசுல உங்கள அந்த வெல்டர் மெரட்டுறானா சார்? போலீஸ்ல சொல்லட்டுமா?” நான் எவ்வளவு மறுத்தும் யாரும் நம்பவில்லை.

அதையும் வெல்டரிடம் வந்து சொன்னேன்.

“ஆங், இப்ப நான் ரவுடி வேறயா? உன் கால்ல வுழறேன் சார். இன்னொரு தபா எனக்கு நல்லது பண்ணாத.”

தலையை வெட்டினார். முகமூடி விழுந்தது. வெல்டிங் குச்சி தீர்ந்து மாற்றும்போதாவது அதைத் தூக்குவார் என்று நின்றேன். அடுத்த குச்சியைத் தடவியே மாட்டிக்கொண்டார்.