சோபாவில் விழுந்த குழி

கறம்பக்குடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஒரு நாள் ஒரு அம்மா, கிழிந்த சோபாவின் படத்தோடு வந்தார்.

"சோபா வாங்கச் சொல்லி மகன் துபாய்லேருந்து அனுப்புன காசு, அவுக அப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போயிருச்சு தம்பி. தெரிஞ்சா அவனுக்கு அங்கிட்டு சோறு எறங்காது. படத்துல புதுசாட்டம் மாத்திக் குடுங்க."

போட்டோஷாப்பில் மெரூன் துணியைப் போர்த்தினேன். நிஜம்போல் தெரிய, பழைய சோபாவின் நிழல்களை அப்படியே விட்டுவைத்தேன்.

மகன் லீவில் வந்துவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து, வாசலில் பைக் நின்றாலே உள்ளறைக்குள் போய்விடுவேன். ஒரு மத்தியானம் அவனே வந்து நின்றான்.

"எங்க வீட்டு சோபாவுக்குத் துணி போட்ட டெய்லர் நீங்கதானா?"

ஸ்டூலை அவன் பக்கம் நகர்த்தினேன்.

"துணி ஜோர்தாண்ணே. ஆனா அப்பா ஒக்காந்து ஒக்காந்து விழுந்த குழி அப்படியே தெரிஞ்சுச்சு. அன்னைக்கே புரிஞ்சிருச்சு. ஆத்தாகிட்ட சொல்லிக்கல."

போனை நீட்டினான். துருப்பிடித்த கட்டில், பஞ்சு பிதுங்கிய மெத்தை.

"அங்க நான் படுக்குற எடம். ஆத்தா காட்டச் சொல்லுது. நல்ல விரிப்பா ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே."

அவன் அடித்திருந்தால் என் பயம் அன்றோடு போயிருக்கும். நீல விரிப்புப் போட்டேன். இந்த முறை, அவன் படுத்த குழியையும் நிரப்பினேன். நிரப்ப நிரப்பப் பயம்தான் கூடியது. பார்க்கப்போவது பெற்றவளின் கண்.