இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தில் ஒரு வணக்கம்

நிரல் எழுதுகிறவனுக்குப் பிழையைக் கணினி அந்தக் கணமே காட்டிவிடும். நிரல் கற்பிக்கும் புத்தகம் எழுதுகிறவன் வாசிப்பவர் வாய் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாயிரங்களின் நடுவில் மூன்று வருடம் நான் அப்படிக் காத்திருந்தேன். பகலில் லண்டன் நகருக்குள் நிரல் வேலை. மிச்ச நேரத்தில் ஃபாரஸ்ட் கேட் வீட்டில், ஹாஸ்கல் என்ற கணினி மொழிக்கு ஒரு பாடநூல். எதையும் கணிதச் சூத்திரம் போலவே எழுதவேண்டும் என்று அடம்பிடிக்கும் மொழி அது. ரசிகர்கள் குறைவு, இருக்கிறவர்கள் வெறியர்கள். இப்படி ஒரு வேலையில் மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

மாறாத ஐந்து

எங்கள் மொழியில் ஒரு பெயருக்கு ஐந்து என்று மதிப்புக் கொடுத்தால் கடைசிவரை ஐந்துதான். பிறகு மனம் மாறி ஆறாக்க முடியாது. என் முதல் அத்தியாயத்தின் பெருமையே அதுதான். அலுவலகத்தில் பக்கத்து மேசை செல்வம், மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர், பிழைப்பு ஜாவா என்ற வேறு கணினி மொழியில். மதியம் சாண்ட்விச்சைக் கடித்தபடி இரண்டு பக்கம் படித்துவிட்டுத் தாளை என்னிடம் தள்ளினார்.

"வாங்கின சாமான மாத்தித் தரமாட்டேன்னு போர்டு போட்ட கடைக்கு எவன் லா வருவான்?"

ஃபாக்டோரியல்

ஐந்தை நான்கால், மூன்றால், இரண்டால் என்று ஒன்றுவரை பெருக்கிக்கொண்டே இறங்கும் கணக்குக்கு ஃபாக்டோரியல் என்று பெயர். இந்த வகைப் புத்தகம் எழுதும் எல்லோரும் இரண்டாம் அத்தியாயத்தில் அதைத்தான் வைப்போம். ஏனென்று யாரும் கேட்டதில்லை. என் மனைவி ஜெயந்தி கேட்டாள்: "இது உங்களுக்கு வாழ்க்கையில எப்பயாவது தேவைப்பட்டதோ?"

நன்றாக யோசித்துப் பார்த்தேன். இந்த அத்தியாயம் எழுதும்போது தேவைப்பட்டது என்றேன். ஆஸ்பத்திரி ஷிப்டுக்குக் கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அப்ப நீங்கள் அதை எழுதாமல் விட்டால் வாசிக்கிற ஆக்களுக்கும் தேவைப்படாது."

பேராசிரியருக்குச் சந்தோஷம்

பதிப்பகம் என் பிரதியை ஒரு பேராசிரியருக்கு அனுப்பியது. எட்டு அத்தியாயம் தாண்டியும் மொழியின் தூய்மை கெடவில்லை என்று புகழ்ந்து, முன்னுரையும் எழுதித் தந்தார். இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதிப்பாசிரியர் மார்கரெட் அசரவில்லை. ஹாஸ்கல் தெரியாத ஒருவர் இந்தப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மார்கரெட்டின் கண்முன்னே சொந்தமாக ஒரு நிரல் எழுதி ஓட்டிக் காட்டவேண்டும். இல்லாவிட்டால் ஒப்பந்தம் ரத்து என்றார். மூன்று வருட உழைப்பு! பேராசிரியருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறதே என்று இழுத்தேன். மார்கரெட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"அவருக்குத்தான் அது ஏற்கெனவே தெரியுமே."

ரெஜினா அக்கா

எங்கள் பங்குக் கோயிலில் பழக்கமான ரெஜினா அக்கா மன்னார்க்காரி. கவுன்சிலில் தொலைபேசி எடுக்கும் வேலை. அங்கேயே கணினிப் பிரிவுக்கு மாறும் ஆசையில் மாலை வகுப்பு ஒன்று முடித்திருந்தார், அதில் ஹாஸ்கல் கிடையாது. இவரே தக்க ஆள் என்று ரயிலில் வாசிக்க அத்தியாயம் அத்தியாயமாக அச்செடுத்துக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து, பூசை முடிந்து வெளியே வரும்போது பிடித்துக்கொண்டார். "எல்லாம் விளங்குது தம்பி. ஆனா திரையில ஒரு வணக்கம் வரப்பண்ண எத்தினையாம் பக்கம் போகவேணும்?"

இருநூற்றுப் பதினாறு என்றேன். மற்ற மொழிப் புத்தகங்களில் அது முதல் பாடம். எங்கள் ஆட்களுக்கோ திரையில் எழுதுவது தூய்மையைக் கெடுக்கும் காரியம். அதன் தத்துவத்தை ஒன்பதாம் அத்தியாயத்தில் விளக்கிய பிறகே அனுமதிப்போம். அதுவரை வரிக்கு வரி கணக்குக் கேட்டு விடை பார்க்கலாம், முழு நிரல் என்று ஒன்று கிடையாது. இதையெல்லாம் நான் பெருமையோடுதான் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆறு கிழமையா வீட்டுக்குள்ள இருத்தி வச்சிருக்கிறியள், ஒரு தேத்தண்ணி தரேல்லையே தம்பி."

மார்கரெட்டின் அறையில்

இருநூற்றுப் பதினாறாம் பக்கத்தைத் தூக்கி மூன்றாம் பக்கத்தில் போட்டேன். 'ஏனென்று பிறகு சொல்கிறேன், இப்போதைக்கு அப்படியே அடியுங்கள்' என்று கீழே ஒரு வரி. பேராசிரியர் முன்னுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அது வலித்தது, இன்றும் கொஞ்சம் வலிக்கிறது.

ரெஜினா அக்கா லீவு போட்டுவிட்டு வந்து மார்கரெட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். கோயில் பீடத்துக்குப் பூ வைக்கும் முறை எந்தக் கிழமை யாருக்கு என்று சண்டை வராமல் பிரிக்கும் நிரல் ஒன்றை அடித்து ஓட்டினார். கணினி பன்னிரண்டு வரியில் திட்டியது. நான் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார், ஒரு வரியை இரண்டு இடம் உள்ளே தள்ளினார், மறுபடி ஓட்டினார். கிழமையும் பெயருமாகப் பட்டியல் திரையில் இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்பதாம் அத்தியாயம் புரிந்ததா என்று மார்கரெட் கேட்டார். ரெஜினா அக்கா ஆங்கிலத்தில் 'இல்லை' என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டோ என்னவோ, தமிழில் சொன்னார்:

"விளங்காட்டியும் ஓடுது தம்பி. எனக்கு அது போதும்."

மார்கரெட் அன்றே சரி சொல்லிவிட்டார், புத்தகமும் வெளிவந்தது. மூன்று வருடத்தில் பதினான்கு மாதத்தை நான் அந்த ஒன்பதாம் அத்தியாயத்தில்தான் கழித்திருந்தேன்.